மிதித்த கால் காவல் நிற்கும்

திருப்புலி நாடு, கொல்லிமலை,
விக்கிரம வருஷம், கார்த்திகை மாதக் கடைசி.

சௌபாக்கியவதி பொன்னம்மாளுக்கு அம்மா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. மலைமேல் நானும், மலையடியில் காளப்பநாயக்கன்பட்டியில் உன் அப்பாவும், அவர் கையைத் தவிர வேறு கையில் தீனி தின்னாத நம் எருமையும் சுகம். தங்கவயலில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினம் வேண்டிக்கொள்கிறேன். சுகம் என்று நீயும் எழுதியிருக்கிறாய், ஆனால் அதையே கடிதத்தின் தலையிலும் நடுவிலும் காலிலும் எழுதியிருக்கிறாய், அதனால்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை. சுகமாக இருப்பவள் ஒரு தடவை எழுதினால் போதாதா. மாப்பிள்ளைக்கு இருமல் என்று ஒரு வரி எழுதி அதை அடித்திருக்கிறாய், நான் பிள்ளைகள் அழித்த சிலேட்டையே படித்துவிடுகிறவள் கண்ணு, அடித்த வரியை வெயிலுக்கு நேரே பிடித்துப் படிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும். அவர் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர் இல்லையே, ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறவர்தானே, அப்படியிருக்க இருமல் எங்கிருந்து வந்தது. உங்களுக்குள் எதையாவது மறைக்கிறீர்களா. மறைக்காமல் எழுது. நமக்குள் பதினாறு வயதுதான் வித்தியாசம், உன்னைப் பெற்று உன் அம்மாயி மடியில் போட்டுவிட்டு நான் பட்டணத்துக் கல்லூரிக்குப் படிக்கப் போனவள், அதனால் அம்மாவிடம் சொல்லக்கூடாதது என்று எதையாவது நினைத்தால் அக்காவிடம் சொல்வதாக நினைத்துச் சொல்.

உன் இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து இப்போதுதான் பதில் எழுதுகிறேன். ஏன் தாமதம் என்று கேட்டால், இத்தனை நாளும் விடியற்காலையில் பரண்மேல் நின்று கிளி விரட்டிக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். நம்பமாட்டாய் என்று தெரியும், என் மகள்தானே. முதலில் நீ கேட்டதற்கு வருகிறேன். உன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை லீவில் போனதால் உன்னைப் பொறுப்புக்கு வைத்திருக்கிறார்கள், அங்கே ராசாமணி டீச்சர் என்று மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள், பெண்கள் அவள் கண்ணசைத்தால் உட்காருகிறார்கள், நீ மணியடித்தாலும் உட்காருவதில்லை, அவள் விடியுமுன் வருகிறாள் விளக்கு வைத்த பிறகுதான் போகிறாள், இவ்வளவு உழைப்பு எதற்கு, என் நாற்காலிக்குத்தானே, மேனேஜருக்குப் புகார் எழுதட்டுமா அம்மா என்று கேட்டிருக்கிறாய். படித்தவுடன் எழுது என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். எனக்கும் அவள்மேல் சந்தேகம்தான். சம்பளத்துக்கு மேல் உழைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எப்போதும் பயம், அவர்கள் வேறு எதையோ வசூலிக்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் பேனாவை எடுத்த அந்த வாரத்தில்தான் இங்கே ஒன்று நடந்தது, அதைச் சொல்லாமல் உனக்கு யோசனை சொல்லக்கூடாது என்று பேனாவைக் கீழே வைத்தேன்.

இந்த மலைப் பள்ளிக்கூடத்தின் சங்கடம் உனக்குத் தெரியும். ஆடி ஆவணியில் ஓலைக் கூரை தாங்காத அளவுக்குப் பிள்ளைகள் கத்துவார்கள், தினையும் கேழ்வரகும் கதிர் பிடித்ததும் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போவார்கள். ஒவ்வொரு வீட்டுக் காட்டிலும் ஒரு பரண், ஒவ்வொரு பரணிலும் ஒரு பிள்ளை, பகலில் கிளிக்கும் இரவில் பன்றிக்கும் காவல். போன வருஷம் டெபுடி இன்ஸ்பெக்டர் டோலியில் ஏறி வந்தபோது என் எதிரே நான்கைந்து பிள்ளைகளும், யாருடையது என்று தெரியாத ஒரு ஆட்டுக்குட்டியும் உட்கார்ந்திருந்தன. அடுத்த கதிர்காலத்திலும் இப்படி இருந்தால் பள்ளிக்கூடத்தை எடுத்துவிட வேண்டியதுதான், தலைமையாசிரியைக்குப் பிள்ளைகள்மேல் பிடிமானம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எடுத்துவிட்டால் இந்தப் பிள்ளைகள் படிக்க மலையிறங்கியா போவார்கள். அந்த வார்த்தை ஒரு வருஷமாக என் நெஞ்சில் முள்ளாக நின்றது. ஆனி மாதம் எனக்கு உதவியாக ராசப்பன் என்று ஒரு வாத்தியாரை அனுப்பினார்கள். அரியூர் நாட்டுக்காரன், மலைவாசியே படித்துப் பயிற்சி முடித்து வந்திருக்கிறான், வயது உன்னைவிட இரண்டு மூன்று கூட இருக்கும். பேச்சு குறைவு. பேச்சு குறைந்த ஆளை நான் எப்படிப் பார்ப்பேன் என்று உனக்குத் தெரியாதா.

இந்த ஐப்பசியில் ஒரு பிள்ளையும் காணாமல் போகவில்லை. மணியடித்தால் எல்லாரும் இருந்தார்கள், சண்டை இல்லை, கிள்ளல் இல்லை, ஒரு சிலேட்டு உடையவில்லை. வேறு ஒருத்தியாக இருந்தால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருப்பாள், எனக்குத் தூக்கம் போயிற்று. நான் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லையே, பின்னே யார் செய்தது. ஒரு பையனை நான் அதட்டினால் அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அந்தக் கோடியில் இருக்கும் ராசப்பன் முகத்தைப் பார்ப்பான். வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் ஒருவரும் குரல் எழுப்பவில்லை, உதடு மட்டும் அசையும், காற்று வரும். என்னிடம் பேசக்கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்தது. மாராயி என்று வாயாடிப் பெண் ஒருத்தி உண்டு, உன் தொண்டை எங்கேடி என்று கேட்டேன், கிளிக்குக் குடுத்துட்டனுங்க என்றாள். எல்லாப் பிள்ளைகளும் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார்கள். திமிர் என்று நினைத்து அவளை நிற்க வைத்தேன். மத்தியானத்தில் ராசப்பன் கரும்பலகைக்கு முதுகைக் கொடுத்து நின்றபடியே தூங்கினான், கண் சிவந்திருந்தது, சட்டையில் புகை நாற்றம். குடிக்கிறான் என்று முடிவு செய்தேன். குடிக்கிறவனுக்குப் பிள்ளைகள் இப்படி அடங்குவார்களா என்று கேட்டுக்கொண்டேன், அடங்குகிறார்கள் என்றால் அது இன்னும் மோசம், என்னவோ கொடுத்து வசப்படுத்தியிருக்கிறான் என்று அதற்கும் ஒரு சந்தேகம் வைத்துக்கொண்டேன். உன் அப்பா வாரச் சாமான் கொண்டுவந்தபோது சொன்னேன். உனக்குச் சந்தேகம் வராத நாள் எனக்குத்தான் பயமா இருக்கும், அன்னிக்குக் காய்ச்சலான்னு தொட்டுப் பாக்கோணும் என்று சொல்லிவிட்டு மிளகுக் கொடியைப் பார்க்கப் போய்விட்டார். ஊர்க்கவுண்டர் செங்கோடக் கவுண்டர் வழியில் பார்த்து, ஏனுங்க டீச்சரம்மா, பள்ளிக்கோடத்தைத்தான் வாத்தியாரு பாத்துக்கறாரே, நீங்க எதுக்கு இந்தக் குளிருல கெடந்து நடுங்கறீங்க, கீழ ஊட்டுல எருமை தேடுமல்லங்க என்றார். கேலியா, சேதியா. எனக்குச் சேதியாகத்தான் பட்டது.

ஒரு நாள் விடியும்போது, கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். மூடுபனி, புல்லெல்லாம் அட்டை, அதனால் செருப்பைப் போட்டுக்கொண்டேன். ராசப்பன் குடிசையில் ஆள் இல்லை. கருப்பண்ணன் என்பவரின் தினைக்காட்டுப் பக்கம் பெரிய கூச்சல் கேட்டது. கிட்டே போகப் போக அது என்ன கூச்சல் என்று புரிந்தது, ஈரெட்டுப் பதினாறு, மூவெட்டு இருபத்து நாலு என்று பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள், ஒவ்வொரு வரிக்கும் ஒரு தகரத்தில் அடி, கிளிக்கூட்டம் எழும்பி எழும்பிப் பறக்கிறது. பரண்மேல் ராசப்பன் உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் இரவெல்லாம் எரிந்த நெருப்பின் மிச்சம் புகைகிறது. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைக்காத குரல் முழுவதும் அங்கே கிளிக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது, என்னைக் கேட்காமல் தனியாக ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறானே என்று. கதிர்களை விலக்கிக்கொண்டு நேரே உள்ளே நடந்தேன். கூச்சல் நின்றது. பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, அடியாத்தா, செருப்பு என்றார்கள். முதல் கதிரை அறுத்துச் சாமிக்கு வைக்கும்வரை நிற்கிற பயிருக்குள் ஒருவரும் செருப்போடு கால் வைக்கக்கூடாது என்பது இவர்கள் கட்டு. கோவிலுக்குள் கூடாது என்று எனக்குத் தெரியும், காட்டுக்குள்ளும் கூடாது என்று தெரியாது. வருஷக்கணக்காக இங்கே இருந்தும் என் பிள்ளைகளின் காட்டுக்குள் நான் ஒரு தடவைகூடப் போனதில்லை, போயிருந்தால் தெரிந்திருக்கும்.

அன்று சாயங்காலமே ஊர்க்கூட்டம். தப்பு தீரும்வரை பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்புவதில்லை என்று கருப்பண்ணன் சொல்லிவிட்டார். டீச்சரம்மா சர்க்காரு மனுசி, சர்க்காருக் காலுக்கு மண்ணுன்னாக் கூசுமாட்டிருக்குது என்று ஒரு கிழவர் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். அப்போது ராசப்பன் எழுந்து, டீச்சரம்மாவை நாந்தானுங்க காட்டுக்கு வரச் சொன்னேன், செருப்பக் கழட்டோணும்னு சொல்ல மறந்துட்டேன், தப்பு என்னுதுங்க என்றான். அவன் என்னை வரச் சொல்லவே இல்லை. எதற்கு இந்தப் பொய், என்னைக் காப்பாற்றவா, இல்லை இனி ஆயுசுக்கும் நான் அவனுக்குக் கட்டுப்பட்டவளாக இருக்கவா. இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. பேசாமல் இருந்திருந்தால் கௌரவம் தப்பியிருக்கும். ஆனால் பிள்ளைகள் எல்லாரும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாமதமாக வந்தவர் காரணத்தை அவரவர் வாயால் சொல்ல வேண்டும், அடுத்தவர் பரிந்து பேசக்கூடாது என்பது பள்ளிக்கூடத்தில் நான் வைத்த சட்டம், அதை அத்தனை பேரும் என்னிடம் அனுபவித்தவர்கள். எழுந்து, வாத்தியார் என்னைக் கூப்பிடவில்லை, அவர் குடிக்கிறாரோ என்று பார்க்கத்தான் போனேன் என்று சொன்னேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பிக் கூட்டம் முழுக்கப் பரவியது, ராசப்பன் மட்டும் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். செங்கோடக் கவுண்டர், மிதிச்ச காலு காவல் நிக்கோணும், அதுதானுங்க நம்ம வழக்கம், அறுப்பு வரைக்கும் விடியக்காலம் டீச்சரம்மா கருப்பண்ணன் பரண்மேல நிக்கட்டும் என்று முடித்தார். இப்போது புரிகிறதா ஏன் பதில் எழுதவில்லை என்று. எனக்கும் தொண்டை போய்விட்டது.

பரண்மேல் நின்ற பிறகுதான் அவன் ஏற்பாடு முழுவதும் தெரிந்தது. விடியலில் மணியடிக்கும்வரை பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து எல்லார் காட்டுக்கும் காவல், பகலில் வீடுகள் முறை வைத்துக்கொண்டு பெரியவர்கள், இரவில் பன்றிக்கு ராசப்பன் ஒருவனே. அதனால் பிள்ளைகள் பள்ளிக்கு வர முடிந்தது. இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னா நீங்க ஆபீசுக்கு எழுதிக் கேப்பீங்க, ஆபீசு பதில் போடறதுக்குள்ள பன்னி தின்னுபோடுமுங்க என்றான். அது சரி. ஆனால் மாராயியிடம் இன்னொன்றும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டாலும் தாமதமாக வந்தாலும் அந்தப் பிள்ளையின் வீட்டுக் காட்டுப் பக்கம் அன்றிரவு வாத்தியார் காவல் வராதாம். அதுதான் அந்த அடக்கத்தின் ரகசியம். பிரம்பைக் கீழே போட்டுவிட்டுப் பன்றியைக் கையில் எடுத்திருக்கிறான். இது என்ன ஒழுக்கம் என்று கேட்டதற்கு, பிரம்பு ஒருத்தனுக்குத்தானுங்க வலிக்கும், காடு போனா ஊட்டுக்கே பட்டினி, அது பசங்களுக்குத் தெரியுமல்லங்க என்று அமைதியாகச் சொன்னான். எனக்கு அது பிடிக்கவில்லை கண்ணு. உழைப்பு அவனுடையது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு அடங்கவில்லை, எனக்கும் அடங்கவில்லை, ஒரே ஒரு ஆளின் தூக்கம் கெட்ட உடம்புக்கு அடங்கியிருந்தார்கள். அந்த உடம்பு படுத்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். நினைப்பதற்குள் படுத்துவிட்டது.

மலைக்காய்ச்சல். டெபுடி இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று சேதி வந்த அதே வாரம். உன்னிடம் மறைப்பானேன், அதையும் சந்தேகப்பட்டேன், பழி வரும் நேரம் பார்த்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டானோ என்று. குடிசைக்குப் போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், அடுப்புக் கல்லாகச் சுட்டது. கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். இரவுக் காவல் நின்றதும் பன்றி இறங்கியது, பன்றி இறங்கியதும் பெற்றவர்கள் பயந்து பிள்ளைகளைப் பகலிலும் பரணில் ஏற்றினார்கள், வந்த கொஞ்சம் பேரும் ஒருவர் தலையை ஒருவர் உடைக்காத குறை. எவ்வளவு அழகாக அடங்கியிருந்தார்களோ அவ்வளவு அழகாக அவிழ்ந்துபோனார்கள். காலியான பள்ளிக்கூடத்தில் மணியடித்துக்கொண்டு நிற்பதில் என்ன பிரயோசனம். பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் பள்ளிக்கூடத்தைக் கொண்டுபோனேன். கரும்பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்க் கருப்பண்ணன் காட்டு வரப்பில் சாத்தினேன். சண்டை போட்டவன் வீட்டுக் காட்டுக்கும் காவல் உண்டு, போடாதவன் வீட்டுக்கும் உண்டு, இதை வைத்து யாரையும் மிரட்டமாட்டேன் என்று சொன்னேன். அவர்கள் நம்பவில்லை. முதலில் அதிகமாகத்தான் ஆடினார்கள். நானும் இறங்காமல் நின்றேன், விடியலுக்கு விதித்த தண்டனையை இரவுக்கும் நீட்டிக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாக, நான் விட்டுப் போகப்போவதில்லை என்று தெரிந்தபின், கவண்கல்லைக் கீழே வைத்துவிட்டுச் சிலேட்டை எடுத்தார்கள். எல்லாரும் இல்லை, முக்கால்வாசி.

டெபுடி இன்ஸ்பெக்டர் சொன்ன நாளைக்கு முன்னாலேயே வந்துவிட்டார், அவரும் என்னைப் போலத்தான், சொல்லாமல் வந்தால்தான் உண்மை தெரியும் என்கிற ஜாதி. காலிப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு டோலியைக் காட்டுக்கு விடச் சொன்னார். பூட்ஸைக் கழற்றினால்தான் உள்ளே வரலாம் என்றேன். கழற்ற மனமில்லாமல் வரப்பிலேயே நின்று கேள்வி கேட்டார், பிள்ளைகள் பரணிலிருந்து பதில் கத்தினார்கள், இடையே கிளிக்கும் கத்தினார்கள், எது அவருக்கு எது கிளிக்கு என்று அவர் குழம்பியது முகத்தில் தெரிந்தது. கடைசியில் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விதிகளுக்கு விரோதமாகப் பிள்ளைகளைச் சேர்த்துக் காவலுக்கு வைக்கும் இந்த ஏற்பாட்டை ஆரம்பித்தது யார் என்று கேட்டார். அந்தக் குரலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், வேலைக்குச் சேர்ந்து ஆறுமாதம் ஆகாத ராசப்பன் பெயரைச் சொன்னால் அடுத்த தபாலில் அவனுக்குச் சீட்டுக் கிழிந்திருக்கும். என் ஏற்பாடு என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டு டோலியில் ஏறிப் போனார்.

போன வாரம் உத்தரவு வந்தது. பள்ளிக்கூடம் இருக்கும். இருக்கும் என்பதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதிர்காலத்திலும் பிள்ளைகள் படிக்கும்படி தலைமையாசிரியை தாமாகவே கண்டுபிடித்துச் செய்த ஏற்பாடு மெச்சத்தக்கது, மற்ற மலைப் பள்ளிகளும் அவரைப் பின்பற்றலாம் என்று சேர்த்திருக்கிறார்கள். பழி என்று நினைத்துத் தோளில் போட்டுக்கொண்டது மாலையாக இருந்துவிட்டது. ஒரு நாள் முழுவதும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். ராசப்பன் காய்ச்சல் தெளிந்து, போர்த்திய கம்பளியோடு வந்து அந்த உத்தரவைப் படித்தான். படித்துவிட்டு மடித்து என் மேஜைமேல் வைத்தான். மறுநாளிலிருந்து மணியடிக்கும்போது வருகிறான், மணியடிக்கும்போது போகிறான். பாடம் ஒழுங்காக நடத்துகிறான், ஒரு குறை சொல்ல முடியாது. பரண் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. மேட்டுக்காட்டு அறுப்பு இன்னும் பாக்கி இருக்கிறது, என் ஒருத்தி காவலுக்கு அடங்காமல் பன்றி இறங்குகிறது. நேற்று மாராயி உட்பட ஏழெட்டுப் பேர் வரவில்லை. என்ன வாத்தியாரே என்று கேட்டேன். ஏற்பாடு உங்களுதுங்களே டீச்சரம்மா, நீங்களே நடத்துங்க, நான் சம்பளத்துக்கு வந்தவன் என்றான். அப்போது அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை, இத்தனை நாளும் நான் அவனைப் பார்த்தது அப்படித்தான். உனக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று சொன்னேன். சரிங்க என்றான். அந்தச் சரிங்கவில் நம்பிக்கை ஒரு தினையளவும் இல்லை. எப்படி இருக்கும், அவன் எனக்காகக் கூட்டத்தில் எழுந்து நின்றபோது நான் அவனை நம்பினேனா.

அதனால் டெபுடி இன்ஸ்பெக்டருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். ஏற்பாடு ராசப்பனுடையது, கரும்பலகையைக் காட்டுக்குத் தூக்கினது மட்டும் நான், எல்லாம் என் ஏற்பாடு என்று சொன்னது பொய், அவனுக்குத் தண்டனை வருமோ என்று சொன்னேன், மெச்ச வேண்டியது அவனை, பொய்க்குக் கேட்க வேண்டியது என்னை என்று. உன் அப்பா படித்துவிட்டு, மேலதிகாரிகிட்டப் பொய் சொன்னேன்னு தானே எழுதிக் குடுத்த தலைமை வாத்திச்சியை எந்த ஆபீசு வெச்சிக்கும், பேசாம இரு ருக்கு, அறுப்பு முடிஞ்சா அவன் சரியாப் போவான் என்றார். அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் அடுத்த கதிர்காலமும் வரும். ராசப்பனிடம் அந்தக் கடிதத்தை நான் காட்டவில்லை. காட்டினால் அவன் பரண் ஏறுவான், ஆனால் அது நான் விலை கொடுத்து வாங்கின உழைப்பாகிவிடும், பன்றியைக் காட்டி அவன் வாங்கின அடக்கம் மாதிரி. அதற்குள் வேறு ஒரு சந்தேகமும் வருகிறது, அவன் இதைத்தான் எதிர்பார்த்து முறைத்துக்கொண்டிருக்கிறானோ, நான் போனால் நாற்காலி அவனுக்குத்தானே என்று. இருக்கலாம். அப்படியே இருந்தாலும் கடிதத்தில் எழுதியிருப்பது உண்மைதான், அதை மாற்ற முடியாது. தபால்காரர் நாளை மலை இறங்குகிறார், அவர்மேலும் எனக்குப் பூரண நம்பிக்கை இல்லை, ஆனால் வேறு ஆள் இல்லை.

உன் ராசாமணி டீச்சர் விஷயம். அவள் நல்லவள் என்று நான் சொல்லவில்லை, எனக்கு அவளைத் தெரியாது. புகார் எழுதுமுன் விடியுமுன் வந்து அவள் என்ன செய்கிறாள் என்று நீயே போய்ப் பார், ஒளிந்து பார்க்காமல் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போ. அவளில்லாத ஒரு நாளில் உன் பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்றும் பார், அவள் லீவு போட்டால் பள்ளிக்கூடம் கலைகிறதென்றால் அந்த அடக்கம் உனக்கும் உதவாது அவளுக்கும் உதவாது. பிறகு அவளை எதிரே உட்காரவைத்து, என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேள். சொல்வதையெல்லாம் நம்பிவிடாதே, ஆனால் கேள். இத்தனை மாதத்தில் நான் ராசப்பனிடம் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுதான். அதற்கு மேலும் புகார் எழுதத் தோன்றினால் எழுது, கையெழுத்தை மட்டும் நிதானமாகப் போடு.

மாப்பிள்ளை இருமலுக்கு மிளகும் திப்பிலியும் தட்டிப் போட்டுப் பால் காய்ச்சிக் கொடு, இந்தப் பார்சலில் மலைமிளகு வைத்திருக்கிறேன், பிரித்தவுடன் எடை பார்த்து எழுது, வழியில் யாராவது கை வைத்திருப்பார்கள். டாக்டரிடம் காட்டினீர்களா, அவர் என்ன சொன்னார் என்று அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுது, உன் வார்த்தையில் வேண்டாம். சீமையில் நடக்கிற சண்டையினால் சாமான் விலையெல்லாம் ஏறுகிறது என்கிறார்கள், அரிசி கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள். அறப்பளீஸ்வரர் கிருபையால் நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல், எழுதுகிறபடியே நிஜமாகவும் சுகமாக இருக்க வேண்டும். ஆபீசிலிருந்து என்ன பதில் வரும் என்று தெரியாது. எனக்கு இங்கே வேலை இல்லை என்று ஆகிவிட்டால் தங்கவயலுக்கு வந்து உன் கீழே உதவி டீச்சராகச் சேர்ந்துகொள்கிறேன், விடியுமுன் வந்து விளக்கு வைத்த பிறகு போகிறேன், அப்போது நீ என்னைச் சந்தேகப்படாமல் இருக்கிறாயா என்று பார்க்கலாம்.

என்றும் உன் நலம் நாடும் அம்மா,
ருக்குமணி.